கலங்கல் தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் மனை கட்டுவது எப்படி?

ஒரு ஏக்கரில் 25 மி.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் ஒரு லட்சம் லிட்டர். பொக்லைன் ஏறி இறங்கி இறுகிய களிமண் அதைக் குடிக்காது. பெரும்பகுதி மண்ணையும் அரித்துக்கொண்டு வடிகாலுக்குத்தான் போகும். திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து வடிகால்களில் சரிவு மிகக் குறைவு. அங்கே ஒரு சாண் மண் படிந்தாலே, மேலே இருக்கும் சம்பா வயல்களில் தண்ணீர் வடியாமல் பயிர் அழுகும்.

குழி வெட்டித் தேக்கினால் மண் அடியில் தங்கிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் துகளின் விட்டம் பாதியானால் அது இறங்கும் வேகம் கால்பங்காகிவிடும். அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் இறங்க 0.1 மி.மீ. மணலுக்கு இரண்டு நிமிடம் போதும், 0.02 மி.மீ. வண்டலுக்கு முக்கால் மணி நேரம், 0.002 மி.மீ. களிமண்ணுக்கு ஏறக்குறைய மூன்று நாள். அடைமழைக் காலத்தில் எந்தக் குழியும் மூன்று நாள் அசையாமல் இருக்காது. ஆகவே டெல்டாவில் மண்ணைப் பிடிப்பதைவிட, கிளம்பவிடாமல் வைப்பதே முதல் வேலை. மண்வேலையைப் புரட்டாசிக்குள் முடியுங்கள். அன்றன்றைக்குத் தேவையான இடத்தை மட்டும் பறியுங்கள். மேல்மண் குவியலை வாய்க்கால் கரையில் கொட்டாமல் தள்ளி வைத்து, தார்ப்பாயோ வைக்கோலோ போட்டு மூடுங்கள்.

அமெரிக்காவில் ஒரு ஏக்கரோ அதற்கு மேலோ மண்ணைக் கிளறினாலே, அங்கிருந்து மழைநீரை வெளியே விட அனுமதி வேண்டும். இங்கே அந்தப் பொறுப்பு பல அலுவலகங்களில் பிரிந்து கிடக்கிறது. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால், மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பித்துச் சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும். அதற்குக் கீழே உள்ளாட்சி அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) திட்ட அனுமதி. பக்கத்தில் வாய்க்கால் ஓடினால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றையும் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. சவுடு அடித்து மனையை உயர்த்துகிறவர்கள் நடைச்சீட்டு (மண் ஏற்றிச் செல்வதற்கான அரசு அனுமதிச் சீட்டு) உள்ள லாரியில்தான் மண் வாங்க வேண்டும். யாரும் கேட்காவிட்டாலும் வரைபடத்தில் நான்கைக் குறியுங்கள்: தண்ணீர் ஓடும் திசை, மண் குவியல், வண்டி வாசல், தண்ணீர் வெளியேறும் இடம்.

ஓடிவரும் மண்ணைத் தடுக்க, மனையின் தாழ்வான பக்கத்தில் கம்பு நட்டுத் துணி கட்டுவதுதான் துணி வேலி. அது பெரும்பாலும் அடியில்தான் தோற்கிறது. துணியின் கீழ்விளிம்பை 15 செ.மீ. ஆழப் பள்ளத்தில் இறக்கி மண் போட்டு மிதிக்காவிட்டால் தண்ணீர் அதற்கடியில் நுழைந்துவிடும். ஓடும் வாய்க்காலுக்குக் குறுக்கே கட்டவே கூடாது. முதல் வெள்ளத்திலேயே சாயும். வேலி உயரத்தில் மூன்றிலொரு பங்கு மண் சேர்ந்ததும் அள்ளுங்கள்.

மழையே இல்லாத நாளிலும் கலங்கல் போகும் வழி ஒன்று உண்டு: அஸ்திவாரக் குழியில் ஊறும் தண்ணீரை இறைக்கும் மோட்டார். உறிஞ்சு குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வு குழியின் தரையில் கிடந்தால் சேற்றையே உறிஞ்சும். துளை போட்ட டிரம்முக்குள் அதை வைத்து, டிரம்மைச் சுற்றி ஜல்லி நிரப்புங்கள். இறைத்த தண்ணீரை நேரே வடிகாலில் விடாமல், மனைக்குள் புல் அடர்ந்த இடத்தில் பரவவிடுங்கள். அப்படியும் பால் தேநீர் நிறத்தில் போனால் ஒரு வாளியில் பிடித்துப் படிகாரம் கரைத்துப் பாருங்கள். களித்துகள்கள் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதப்பவை. படிகாரம் அதைத் தணித்துத் திரளச் செய்கிறது. வாளியில் எவ்வளவு போட்டபோது தெளிந்ததோ, அந்தக் கணக்கில் தேக்கக் குழிக்கும் போடுங்கள்.