பணம் பிடித்த மெசேஜ் வந்தால் வரி கட்டியாச்சா?

கும்பகோணத்தில் ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறவர்களுக்கு 20ஆம் தேதி சாயங்காலம் போன் ஓயாது. மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-3பி என்கிற வரி ரிட்டர்ன் போடுகிறவர்களுக்குக் கடைசி நாள் அதுதான். பாத்திரக்கடைக்காரர் ஒருவர், "சார், கட்டிட்டேன், பேங்க்ல பணம் எடுத்துட்டான், மெசேஜ் வந்துடுச்சு" என்பார். சிஐஎன் வந்துதா அண்ணே என்று கேட்டால் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது.

விஷயம் இதுதான். போர்ட்டலில் சலான் போட்டதும் வருவது 14 இலக்க சிபிஐஎன், வெறும் சலான் எண். 15 நாள் செல்லும். வங்கி பணத்தை வாங்கி அரசுக் கணக்கில் வரவு வைத்த பிறகு அதே 14 இலக்கத்தோடு வங்கியின் 3 இலக்கமும் சேர்ந்து 17 இலக்க சிஐஎன் வரும். அதுதான் ரசீது. சட்டமும் அரசுக் கணக்கில் வரவான தேதியைத்தான் கட்டிய தேதியாக எடுத்துக்கொள்கிறது, உங்கள் கணக்கில் பிடித்த தேதியை அல்ல.

பணம் போய், 24 மணி நேரமாகியும் கேஷ் லெட்ஜரில், அதாவது போர்ட்டலில் உங்கள் பணம் வரவாகும் கணக்கில், ஏறவில்லையா? வங்கி மேனேஜரிடம் போய் நிற்பதற்கு முன்னால் போர்ட்டலிலேயே பிஎம்டி-07 என்கிற புகார்ப் படிவம் போடுங்கள். அவசரத்தில் இன்னொரு சலான் போட்டு இரண்டாம் தடவை கட்டுகிறவர்கள்தான் அதிகம், அப்புறம் அந்தப் பணத்துக்கு ரீஃபண்டு கேட்டு அலைவார்கள்.

நெஃப்டில் கட்டினால் இன்னும் கவனம் வேண்டும். கணக்கு எண் கேட்கிற இடத்தில் சிபிஐஎன்னைத்தான் போட வேண்டும், தொகை சலானில் உள்ளபடி பைசா பிசகாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பணம் திரும்பி வந்துவிடும். போர்ட்டலில் இறக்கிய படிவத்தைக் கிளையில் நீட்டிவிட்டு வந்தால் போதாது. கவுண்டரில் இருப்பவர் என்ன தட்டுகிறார் என்று கூடவே நின்று பாருங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அபராதம், தாமதக் கட்டணம் விஷயத்தில் வேறொரு தொல்லை. சலானில் வரி, வட்டி, அபராதம், கட்டணம், இதர என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. மொத்தத்தையும் வரிக் கட்டத்தில் போட்டுவிட்டால் லெட்ஜரில் பணம் இருக்கும், ஆனால் தாமதக் கட்டணத்துக்கு எடுக்க முடியாது. பயப்பட வேண்டாம், போர்ட்டலில் பிஎம்டி-09 படிவம் போட்டு மாற்றிக்கொள்ளலாம், வங்கிக்குப் போக வேண்டியதில்லை.

சரி, லெட்ஜரில் ஏறிவிட்டது என்று ரிட்டர்ன் போடாமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். கெடு தேதிக்குள் ஏறிக் கிடக்கும் தொகைக்கு வட்டி போடக் கூடாது என்று 2024 ஜூலையில் விதியைத் திருத்தினார்கள், நல்ல காரியம். ஆனால் தாமதக் கட்டணத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. ரிட்டர்ன் போடும்வரை நாளொன்றுக்கு 50 ரூபாய், வியாபாரமே இல்லாத மாதமென்றால் 20 ரூபாய். விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருந்தால் ஒரு ரிட்டர்னுக்கு 2,000 ரூபாயோடு நின்றுவிடும்.