அறுபது மீட்டர் தொலைவில் தெரியும் சின்னம்: கற்பனை ஹாக்கி அணிகளுக்கு லோகோவும் ஜெர்சியும் அமைப்பதன் அறிவியல்

பரப்பளவில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரியான சுப்பீரியரின் வடகரையில் கனடாவின் தண்டர் பே நகரமும், மேற்கு முனையில் அமெரிக்காவின் டுலூத் துறைமுகமும், தென்கரையிலிருந்து ஏரிக்குள் நீண்டு செல்லும் கீவெனா தீபகற்பத்தில் ஹோட்டன் என்ற சிற்றூரும் இருக்கின்றன. ஐஸ் ஹாக்கி இங்கே பழைய விளையாட்டு. ஆட்டக்காரர்களுக்கு வெளிப்படையாக ஊதியம் கொடுத்து 1904-இல் தொடங்கிய முதல் தொழில்முறை ஹாக்கி லீக்கில் ஹோட்டனின் அணியும் இடம்பெற்றிருந்தது. இந்த மூன்று ஊர்களையும் கொண்டு ஒரு வட்டார லீக்கைக் கற்பனை செய்து, அணிகளுக்குப் பெயரும் சின்னமும் ஜெர்சியும் வரைந்து பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பலர் உண்டு. அணி கற்பனையானதாக இருக்கலாம். அதைப் பார்க்கப்போகும் கண் உண்மையானது. அந்தக் கண்ணுக்கு வடிவத்தை உணர்த்துவது பெரும்பாலும் ஒளிர்வு வேறுபாடுதான், வண்ணம் அன்று என்பதை ஏற்றுக்கொண்டால், வடிவமைப்பின் பாதிச் சிக்கல்கள் காகிதத்திலேயே தீர்ந்துவிடும்.

முதலில் அளவைப் பார்ப்போம். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கான என்.எச்.எல். ஆடுகளத்தின் நீளம் 200 அடி, அதாவது ஏறத்தாழ 61 மீட்டர். ஒரு முனையில் அமர்ந்திருப்பவர் மறுமுனையில் நிற்கும் ஆட்டக்காரரின் மார்பைப் பார்க்கிறார் என்று கொள்வோம். அங்கே தைக்கப்பட்டிருக்கும் சின்னம் 30 செ.மீ. அகலம் கொண்டதென்றால், அவர் கண்ணில் அது அடைக்கும் கோணம் சுமார் 17 கோண நிமிடம் (ஒரு கோண நிமிடம் என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு). வானில் முழுநிலவின் விட்டம் அடைக்கும் கோணத்தில் ஏறக்குறைய பாதி. இயல்பான கூர்மை உள்ள கண் ஒரு கோண நிமிடம் இடைவெளி உள்ள இரண்டு கோடுகளைத்தான் தனித்தனியாகப் பிரித்தறியும். 60 மீட்டரில் ஒரு கோண நிமிடம் என்பது 1.75 செ.மீ. ஆகவே கழுகின் இறகுகளையும் கரடியின் மீசையையும் ஒரு சென்டிமீட்டர் கோடுகளால் எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும், அரங்கின் மறுமுனையில் அவை ஒரு மங்கலான பரப்பாக ஒன்றிவிடும்.

என்.எச்.எல். விதிப்படி முதுகில் உள்ள எண் குறைந்தது 10 அங்குல உயரமும், அதன் மேலே எழுதப்படும் பெயர் 3 அங்குல உயரமும் இருக்க வேண்டும். கண் மருத்துவரின் அட்டவணையில் இயல்பான பார்வைக்குரிய வரி எழுத்துகள் ஐந்து கோண நிமிட உயரம் கொண்டவை. இந்தக் கணக்கின்படி 3 அங்குல எழுத்து சுமார் 52 மீட்டருக்கு அப்பால் அந்த எல்லைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. 10 அங்குல எண்ணோ 60 மீட்டரிலும் எல்லையைப்போல் மூன்று மடங்கு பெரிதாக நிற்கிறது. ஆட்டக்காரரை எண்ணைக் கொண்டு அடையாளம் காணும் வழக்கத்துக்கு இந்த வடிவியல் நன்றாகப் பொருந்துகிறது. ஆகவே கற்பனை ஜெர்சி வரைபவர்கள் எண்ணின் எழுத்துருவை அலங்காரமாகக் கருதுவது சரியன்று. 3, 6, 8, 9 ஆகிய இலக்கங்களின் உள்வெளிகள் அடைபடாமல் இருப்பதே எழுத்துருவுக்கு வைக்க வேண்டிய முதற்சோதனை.

தொலைக்காட்சியிலும் இதே கதைதான். முதன்மைக் கேமரா ஆடுகளத்தின் பாதியை, அதாவது 30 மீட்டர் அகலத்தைக் காட்டுகிறது என்றும், படத்தின் கிடைமட்டத்தில் 1920 புள்ளிகள் உள்ளன என்றும் வைத்துக்கொண்டால், 30 செ.மீ. சின்னத்துக்குக் கிடைப்பவை 19 புள்ளிகள். அதைவிடக் கடுமையான செய்தி ஒன்று உண்டு. வீட்டுக்கு வரும் ஒளிபரப்பில் பெரும்பாலும் ஒளிர்வு முழு நுணுக்கத்தோடும், வண்ணம் கிடைமட்டத்திலும் செங்குத்திலும் பாதி நுணுக்கத்தோடும் மட்டுமே அனுப்பப்படுகிறது. அப்படியானால் சின்னத்தின் அகலத்துக்கு வண்ணத் தகவல் ஏறத்தாழ பத்துப் புள்ளிகளுக்குத்தான் கிடைக்கிறது. இந்தச் சிக்கனத்தை நாம் உணராததற்குக் காரணம் நம் பார்வையமைப்பே அப்படித்தான் வேலை செய்கிறது என்பதுதான். கறுப்பு வெள்ளைக் கோடுகளை ஒரு பாகைக்கு 30 இணைகள் வரையிலும் அதற்கு மேலும் கண் பிரித்தறிகிறது. ஒளிர்வில் சமமான சிவப்பு பச்சைக் கோடுகளோ ஒரு பாகைக்குப் பத்துப் பன்னிரண்டு இணைகளைத் தாண்டினாலே கலந்துவிடுகின்றன.

இதை எண்ணாக மாற்றிப் பார்ப்பது எளிது. திரை வண்ணத்தின் ஒளிர்வில் பச்சைக் கூறு சுமார் 72 விழுக்காடும், சிவப்பு 21 விழுக்காடும், நீலம் 7 விழுக்காடும் பங்களிக்கின்றன. இந்த எடைகளைக் கொண்டு கணக்கிடப்படும் மாறுபாட்டு விகிதம், இரண்டு வண்ணங்களும் ஒரே ஒளிர்வுடையவை என்றால் 1 என்றும், கறுப்பும் வெள்ளையும் என்றால் 21 என்றும் வரும். தூய மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் இடையே விகிதம் 1.1 கூட இல்லை. அதனால்தான் வெள்ளை ஜெர்சியில் மஞ்சள் எழுத்து இருந்தும் இல்லாததுபோல் ஆகிறது. பொன்மஞ்சளைக் கறுப்பின் மேல் வைத்தால் விகிதம் 12 அளவுக்கு உயர்கிறது. தூய சிவப்புக்கும் நடுத்தரப் பச்சைக்கும் இடையே 1.3 மட்டுமே. வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் அளவில் சிவப்பு பச்சை வேறுபாட்டைக் காண்பதில் குறைபாடு உள்ளவர்கள். அவர்களுக்கு எஞ்சியிருக்கும் பெரிய துணை ஒளிர்வுதான். 2015 நவம்பரில் அமெரிக்கக் கால்பந்து லீக்கில் பஃபலோ அணி முழுச் சிவப்பிலும் நியூயார்க் ஜெட்ஸ் அணி முழுப் பச்சையிலும் இறங்கியபோது, இரு அணிகளையும் பிரித்தறிய முடியவில்லை என்று அத்தகைய பார்வையாளர்கள் முறையிட்டார்கள். ஹாக்கியில் ஓர் அணி அடர்நிறத்திலும் மற்றது வெளிர்நிறத்திலும் ஆடும் வழக்கம் இந்த இடரைப் பெருமளவு தவிர்த்துவிடுகிறது.

இனி நம் மூன்று ஊர்களுக்கு வருவோம். வட்டார அணி என்றால் வண்ணமும் அந்த மண்ணிலிருந்து வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஊரின் பெயரை மாற்றினாலும் பொருந்திவிடும் ஜெர்சி வட்டார ஜெர்சி ஆகாது. சுப்பீரியர் கரை இதற்கு வாரி வழங்குகிறது. டுலூத், மெசாபி மலைத்தொடரின் இரும்புத்தாதைக் கப்பலேற்றி வளர்ந்த துறைமுகம். அதற்குத் தாதுவின் கருஞ்சிவப்பு. தண்டர் பே சுற்றுவட்டாரத்தில் செவ்வந்திக்கல் வெட்டப்படுகிறது, அதுவே ஒன்டாரியோ மாகாணத்தின் அதிகாரபூர்வக் கனிமமும் ஆகும், அதற்கு ஊதா. ஹோட்டனைச் சூழ்ந்த கீவெனாவில் தாமிரம் தூய உலோகமாகவே பாறைக்குள் கிடைத்தது, பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அதை எடுத்துக் கருவிகள் செய்தார்கள். அதற்குச் செம்பு நிறம்.

பட்டியலாகப் பார்க்கும்போது இவை மூன்றும் ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் இருப்பவையாகத் தோன்றும். கணக்குப் போட்டால் நிலைமை வேறு. நான் எடுத்துக்கொண்ட தாதுச் சிவப்புக்கும் செவ்வந்தி ஊதாவுக்கும் இடையிலான விகிதம் 1.1 மட்டுமே, இரண்டையும் பிரிப்பது பெரும்பாலும் ஊதாவில் உள்ள நீலம்தான். இங்கேதான் விழித்திரையின் ஒரு வினோதமான இயல்பு குறுக்கிடுகிறது. குறுகிய அலைநீள ஒளியை, அதாவது நீலத்தை உணரும் கூம்பு செல்கள் மொத்தக் கூம்புகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு; நாம் உற்றுப் பார்க்கும்போது பயன்படும் நடுப்புள்ளியில், சுமார் 20 கோண நிமிட அகலத்துக்கு, அவை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. 60 மீட்டரில் நம் சின்னத்தின் அளவு 17 கோண நிமிடம் என்று கண்டோம். உற்று நோக்கும்போது சின்னம் முழுவதும் அந்த நீலக்குருட்டு வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. எனவே ஊதா, சட்டை முழுவதையும் நிறைக்கும் பெரும்பரப்பாக இருந்தால் ஊதாவாகவே தெரியும். சின்னத்துக்குள் மெல்லிய கோடாக இருந்தால் அடையாளமற்ற ஓர் இருளாக மாறும். கடல்நீலத்துக்கும் கறுப்புக்கும் இடையே நுண்ணிய வேறுபாடு காட்டி வரையப்படும் நிழல்கள் ஆட்டத்தின்போது காணாமற்போவதும் இதனால்தான்.

செம்பின் சிக்கல் வேறு வகையானது, எனக்கு மூன்றிலும் மிகவும் பிடித்ததும் அதுதான். செம்பைச் செம்பாகக் காட்டுவது அதன் மினுக்கம், அதாவது பார்க்கும் கோணம் மாறும்போது பளிச்சிட்டு மாறும் ஒளி. துணியில் ஏறும் சாயத்துக்கு அந்தக் குணம் கிடையாது. மினுக்கத்தை நீக்கினால் எஞ்சுவது மங்கிய ஆரஞ்சு. பிரகாசமான சூழலுக்கு நடுவே வைக்கப்பட்ட மங்கிய ஆரஞ்சைத்தான் நம் மூளை பழுப்பு என்று காண்கிறது. ஆரஞ்சுக்கும் பழுப்புக்கும் இடையே அலைநீளத்தில் வேறுபாடு இருக்க வேண்டியதில்லை. சுற்றுப்புறத்தை ஒப்பிட்டு மூளை எடுக்கும் முடிவுதான் வேறுபடுகிறது. வெண்பனித் தளத்தைவிடப் பிரகாசமான சுற்றுப்புறம் எந்த விளையாட்டில் உண்டு? கணினித் திரையின் கறுப்புப் பின்னணியில் தகதகக்கும் செம்புச் சட்டை, பனித்தளத்தில் இறங்கியதும் பழுப்பாகிவிடும். செம்பில் களிம்பேறும்போது தோன்றும் இளம்பச்சையைத் துணைக்கு அழைக்கலாம் என்று தோன்றும்; ஆனால் இரண்டுக்கும் இடையே விகிதம் 1.5 தான். அந்தப் பச்சையை மிகவும் அடர்த்தியாக்கி, ஏறத்தாழ கரும்பச்சையாகச் சட்டை முழுவதும் பரப்பி, செம்பை அதன் மேல் வைத்தால் விகிதம் 3-ஐத் தாண்டுகிறது. இருளால் சூழப்பட்ட செம்பும் தன் செந்நிறத்தை மீட்டுக்கொள்கிறது.

வடிவத்துக்கு வரும்போது, 1979-இல் பீட்டர் குட் என்ற வடிவமைப்பாளர் ஹார்ட்ஃபர்ட் வேலர்ஸ் (திமிங்கில வேட்டையர்) என்ற ஹாக்கி அணிக்கு வரைந்த சின்னத்தைப் பாடமாகவே படிக்கலாம். கீழே டபிள்யூ என்ற எழுத்து, மேலே திமிங்கிலத்தின் வால், இரண்டுக்கும் இடையில் வரையாமல் விடப்பட்ட வெற்றிடத்தில் எச் என்ற எழுத்து. உருவம் எது, பின்னணி எது என்று பிரிக்கும்போது மூளை பொதுவாக எல்லைக்கோட்டை ஒரு பக்கத்துக்குத்தான் உடைமையாக்கும். உளவியலாளர் எட்கர் ரூபின் 1915-இல் விளக்கிய, பூச்சாடியாகவும் இரு முகங்களாகவும் மாறி மாறித் தெரியும் படம் இதற்குப் புகழ்பெற்ற சான்று. குட்டின் சின்னத்தில் இரண்டு பக்கங்களுமே பொருளுடையவை என்பதால், ஒரே கோடு இரண்டு வேலைகளைச் செய்கிறது. கோடுகளின் எண்ணிக்கை குறைவதால் ஒவ்வொரு பகுதியும் தடிமனாக இருக்க இடம் கிடைக்கிறது, தடிமனான பகுதி தொலைவிலும் பிழைக்கிறது. அந்த அணி 1997-இல் வட கரோலினாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. சின்னம் இன்றும் விரும்பி அணியப்படுகிறது.

டுலூத்துக்கு இந்த வழி இயல்பாகப் பொருந்துகிறது. 1905-இல் கட்டப்பட்டுப் பின்னர் தூக்குப்பாலமாக மாற்றப்பட்ட அந்த ஊரின் பாலத்தில் இரண்டு கோபுரங்களும், அவற்றுக்கு நடுவே ஏறி இறங்கும் தளமும் இருக்கின்றன. இரும்புச் சட்டங்களின் குறுக்குப்பின்னலை முழுவதும் கைவிட்டு, இரண்டு தடித்த தூண்களையும் ஒரு குறுக்குத் தளத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, தளத்தின் கீழுள்ள வெற்றிடத்தையே கப்பலின் முகப்பாக வெட்டினால் போதும்.

தண்டர் பேயில் எச்சரிக்கை தேவை. ஏரிக்குள் படுத்திருப்பதுபோல் தோன்றும் உறங்கும் அரக்கன் என்ற பாறைத்தொடர், ஒஜிப்வே பழங்குடி மக்களின் மரபில் நானபிஜூ என்னும் புனித உருவத்தோடு இணைந்தது. பழங்குடியினரை அணிச்சின்னமாக்குவதற்கு எழுந்த எதிர்ப்பின் விளைவாக, ஹாக்கிக்குப் பெயர்பெற்ற வட டகோட்டா பல்கலைக்கழகம் தன் அணிகளின் பழைய பெயரைக் கைவிட்டு 2015-இல் புதிய பெயரை ஏற்றது. கற்பனை அணி என்பதால் இந்தப் பொறுப்பு குறைந்துவிடாது. மனித உருவம் எதுவும் வரையாமல், நீருக்கு மேல் எழும் பாறையின் வெளிக்கோட்டை மட்டும் கொள்வதே முறை. அந்தக் கோடு அடிவானத்தில் ஒரே பார்வையில் பிடிபடும் அளவுக்கு வலிமையானது.

ஜெர்சியின் கிடைக்கோட்டுப் பட்டைகளை வெறும் பழமை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. தொடக்க கால ஜெர்சிகள் கம்பளி நூலால் பின்னப்பட்டவை; பின்னல் வரிசை வரிசையாக ஏறுவதால், நூலின் நிறத்தை மாற்றினாலே கிடைப்பட்டை உருவாகிவிடும். அதற்கு இன்னொரு நன்மையும் உண்டு. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் சறுக்கும் ஆட்டக்காரரை, அசையாத கேமரா நொடியில் 120-இல் ஒரு பங்கு நேரம் பதிவு செய்தால், அதற்குள் அவர் 8 செ.மீ. நகர்ந்துவிடுகிறார். நகரும் திசைக்குக் குறுக்கே நிற்கும் செங்குத்து விளிம்புகள் எல்லாம் அந்த 8 செ.மீ. அளவுக்கு இழுபட்டு மங்கும். நகரும் திசையிலேயே ஓடும் கிடைப்பட்டையின் விளிம்போ கூர்மை குன்றாமல் நிற்கும். இடுப்புப் பட்டையின் வரிசையை மட்டும் கொண்டு அணியை அடையாளம் காண முடிவது இதனால்தான். நம் சிவப்பையும் ஊதாவையும் பிரிக்க எளிய வழியும் இதுவே: டுலூத்துக்கு ஒரே ஓர் அகன்ற வெள்ளைப் பட்டை, தண்டர் பேக்கு இரண்டு மெல்லிய பட்டைகள், அவையும் 5 செ.மீ.க்குக் குறையாமல்.

செய்முறையும் வரைபவரின் கையைக் கட்டுகிறது. பாலியெஸ்டர் துணியில் சாயத்தை ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஆவியாக்கி இழைக்குள் புகுத்தும் முறையில் எத்தனை வண்ணங்களையும் சேர்க்கலாம், ஆனால் வெள்ளையை மட்டும் அச்சிட முடியாது. துணியின் வெண்மையை விட்டுவைத்தே அதைப் பெற வேண்டும். சின்னத்தையோ தடித்த துணித்துண்டுகளை அடுக்கி, ஓரங்களை நெருக்கமாகத் தைத்து உருவாக்குவது வழக்கம். ஒவ்வொரு வண்ணமும் ஓர் அடுக்கு, ஒவ்வோர் அடுக்கும் கூடுதல் எடையும் விறைப்பும் என்பதால் மூன்று அல்லது நான்கு வண்ணங்களுக்குள் நிற்பது நல்லது.

கடைசியாக வெளிர்நிறச் சட்டை. அடர்நிறச் சின்னத்தைத் தலைகீழாக்கி, இருளை வெளிச்சமாகவும் வெளிச்சத்தை இருளாகவும் மாற்றினால் போதும் என்று நினைக்கத் தோன்றும். எழுத்துக்கு அது பொருந்தும், நிலக்காட்சிக்குப் பொருந்தாது. வெள்ளைச் சட்டையில் வெண்ணிற வானத்துக்கு எதிரே ஊதாப் பாறையாக நின்ற தண்டர் பேயின் மலை, ஊதாச் சட்டையில் வெள்ளையாக மாறும்போது நிழற்படத்தின் நெகட்டிவ்போல் ஆகிப் பனிமேடாகத் தெரியும். பாறை இரண்டிலும் இருண்டே இருக்க வேண்டுமென்றால், அதை ஒரு வெள்ளை வட்டத்துக்குள் அடைத்து, வட்டத்தையே வானமாகக் கொள்ள வேண்டும். வெள்ளைச் சட்டையில் அந்த வட்டத்தைச் சுற்றி 2 செ.மீ. ஊதா வளையம் சேர்ந்தால், ஒரே சின்னம் இரு சட்டைகளிலும் மாற்றமின்றி நிற்கும்.