டிக் அடித்த அட்டையும் கருகிய பேரிங்கும்

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் நான் சேர்ந்த புதிது. கூடத்துக்கு ஈரக் காற்று அனுப்பும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில் சப்ளை ஃபேனை ஓட்டும் 15 கிலோவாட் மோட்டாரின் பராமரிப்பு அட்டையில் ‘பேரிங்குக்கு (சுழலும் ஷாஃப்டைத் தாங்கும் பாகம்) கிரீஸ் வைக்கவும்’ என்று இருந்தது. எவ்வளவு என்று இல்லை. கொஞ்சம் கூடப் போனால் நல்லதுதானே என்று கிரீஸ் கன்னை முப்பது, நாற்பது முறை அடித்தேன். அட்டையில் டிக் போட்டுக் கையெழுத்தும் இட்டேன். மூன்றாம் நாள் இரவு ஷிப்டில் பேரிங் கருகி, ஷாஃப்ட் பிடித்துக்கொண்டது. காற்று நின்றதும் கூடத்தில் ஈரப்பதம் இறங்கிவிட்டது. நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் இயந்திரங்களில் நூல் அறுந்துகொண்டே இருந்தது.

மூத்த ஃபிட்டர் ஒருவர் கவரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “தம்பி, எத்தனை ஸ்ட்ரோக் அடிச்சீங்க?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நான் எண்ணவே இல்லை.

பொறியியல் மாணவர்களிடம் பேசக் கூப்பிடும்போதெல்லாம் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறேன். தடுப்புப் பராமரிப்பு என்றால் குறித்த தேதியில் குறித்த வேலையைச் செய்து முடிப்பது என்றுதான் பலர் படித்துவிட்டு வருகிறார்கள். தேதி வேண்டும்தான். ஆனால் டிக் குறி வேலை முடிந்தது என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு செய்தோம், செய்யும் முன் என்ன நிலையில் இருந்தது, பிறகு எப்படி ஆனது என்பதெல்லாம் அதில் இருக்காது.

அந்த பேரிங்கின் எண் 6309. வெளி விட்டம் 100 மில்லிமீட்டர், அகலம் 25. மறுபடி கிரீஸ் வைக்க ஒரு எளிய சூத்திரம் உண்டு: வெளி விட்டத்தை அகலத்தால் பெருக்கி, 0.005-ஆல் பெருக்கினால் கிராம் கணக்கு வரும். இதற்கு 12.5 கிராம். சரி, கன் ஒரு ஸ்ட்ரோக்குக்கு எத்தனை கிராம் தள்ளுகிறது? ஒரு தாளில் பத்து முறை அடித்து, எடை போட்டு, பத்தால் வகுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கன்னுக்கும் அது மாறும். எங்கள் கன் ஏறக்குறைய ஒரு கிராம் தள்ளியது. நான் வைத்தது தேவையைப் போல மூன்று மடங்கு. பழைய கிரீஸ் வெளியேற வேண்டிய டிரெயின் பிளக்கையும் திறக்கவில்லை.

அதிக கிரீஸ் ஏன் கெடுதல்? பேரிங்குக்குள் இருக்கும் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை நிரம்பினால் போதும். முழுக்க அடைத்துவிட்டால் குண்டுகள் கிரீஸைக் கடைந்துகொண்டே ஓடும். கடையக் கடையச் சூடு ஏறும். சூட்டில் எண்ணெய் பிரிந்து வடிந்துபோய், அதைத் தாங்கியிருந்த சோப்புப் பகுதி இறுகிவிடும். கடைசியில் பேரிங் எண்ணெய் இல்லாமலேயே ஓடும். வகை தெரியாமல் கலப்பதும் இதே அளவு ஆபத்து. லித்தியம் கிரீஸ் இருந்த பேரிங்கில் பாலியூரியா கிரீஸைச் சேர்த்தால் பல சமயம் இரண்டும் ஒத்துப்போகாமல் இளகி ஓடிவிடும். அதனால் கிரீஸின் பெயரும் அட்டையில் இருக்க வேண்டும்.

பேரிங் ஆயுளுக்கான சூத்திரத்தைத் தேர்வில் எல்லோரும் போடுகிறீர்கள். பால் பேரிங்கில் சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பது அதில் இருக்கிறது. வி-பெல்ட் வழுக்குகிறது என்று அளவுக்கு மீறி இறுக்கும்போது அந்தச் சூத்திரம் ஒருவருக்கும் நினைவுக்கு வருவதில்லை. இன்னொன்று, கணக்கில் வரும் ஆயுள் காலாவதித் தேதியைப் போன்றது கிடையாது. நூறு பேரிங்கில் தொண்ணூறு அதைத் தாண்டி ஓடும், பத்து அதற்குள் போய்விடலாம். உங்கள் மோட்டாரில் இருப்பது அந்தப் பத்தில் ஒன்றா என்பதைச் சூத்திரம் சொல்லாது. சத்தமும் சூடும் அதிர்வும்தான் சொல்லும்.

‘ஆயுள் முடியும் முன்னே கழற்றி மாற்றிவிட்டால் நிம்மதி’ என்ற நினைப்பையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். 1978-இல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நவ்லன், ஹீப் இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக ஒரு அறிக்கை எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்த விமானப் பாகங்களில் 11 சதவீதம் மட்டுமே வயதாக ஆகப் பழுதாகும் தன்மை காட்டின. 68 சதவீதம் புதிதாகப் பொருத்திய தொடக்கத்தில்தான் அதிகம் பழுதாயின. விமானக் கணக்கை அப்படியே ஆலைக்குக் கொண்டுவர முடியாது. பெல்ட், ஃபில்டர், பிரேக் லைனிங் போன்று தேய்பவற்றைக் காலம் பார்த்து மாற்றத்தான் வேண்டும். ஆனால் வருடாந்தர ஓவர்ஹால் முடிந்த முதல் வாரத்தில் பிரேக்டவுன் கூடுவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். சுத்தியலால் அடித்து ஏற்றிய பேரிங், சரியாக அலைன் செய்யாத கப்ளிங், முறுக்க மறந்த போல்ட். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை நாமே திறந்து கெடுத்த கதைகள்.

சில வேலைகளுக்கு எதையும் திறக்கவே வேண்டாம். நூற்பாலையில் பறக்கும் பஞ்சு மோட்டாரின் ஃபேன் கவரிலும் உடம்பில் இருக்கும் பட்டைகளிலும் கம்பளி மாதிரி படியும். காற்றோட்டம் அடைபட்டு மோட்டார் சூடாகும். வைண்டிங்கின் வெப்பம் 10 டிகிரி கூடினால் இன்சுலேஷன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு பிரஷ்ஷால் ஐந்து நிமிடம் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மெகர் என்ற இன்சுலேஷன் சோதனைக் கருவியை வைத்துப் பார்க்கும்போதும் ‘ஓகே’ என்று எழுதாதீர்கள். மூன்று சோதனைகளில் 500, 200, 80 மெகா ஓம் என்று வந்தால் மூன்றுமே பாஸ்தான். ஆனால் இறங்கிவரும் வேகத்தைப் பாருங்கள், மோட்டார் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டுமா என்பது சந்தேகம். மூன்று டிக் குறிகளில் இது தெரியவே தெரியாது.

எழுதுவது இயந்திரத்துக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். 1988 ஜூலை 6 அன்று வட கடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தார்கள். வால்வு இருந்த இடத்தை ஒரு மூடித் தகட்டால் அடைத்திருந்தார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை. இரவில் இன்னொரு பம்ப் நின்றுபோக, வால்வு கழற்றிய இந்தப் பம்பை ஓட்டினார்கள். வால்வு கழற்றியிருப்பதைச் சொல்லும் பெர்மிட், அதாவது வேலை அனுமதிச் சீட்டு, இரவு ஷிப்டின் கண்ணில் படவே இல்லை. வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். ஷிப்ட் மாறும்போது நேருக்கு நேர் நின்று சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். கை வைக்கும் முன் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசொலேட்டரை அணைத்து உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ‘ரெண்டே நிமிஷ வேலை’ என்று யாராவது அவசரப்படுத்தினாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

இதையெல்லாம் பழக வேலை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கல்லூரி ஆய்வகத்தில் ஒரு பம்பைத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒரு நாள், அதே நேரத்தில், டெலிவரி வால்வை அதே அளவு திறந்து ஓட்டுங்கள். மோட்டார் இழுக்கும் ஆம்பியர், டெலிவரி பிரஷர், பேரிங் ஹவுசிங்கின் வெப்பம், சீலில் சொட்டும் நீர் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அன்றைய அறை வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் பேரிங் சூட்டுக்குப் பொருள் இல்லை. ஒரு செமஸ்டருக்குள் ஏதாவது ஒன்று மற்ற வாரங்களிலிருந்து விலகி நிற்க வாய்ப்புண்டு. அப்போது ஆய்வக உதவியாளரிடம் கேட்டு, மின்சாரத்தைப் பூட்டிவிட்டு, பம்பைத் திறந்து பாருங்கள். உள்ளே என்ன கண்டீர்கள் என்பதையும் அதே பக்கத்தில், அந்த எண்களுக்குக் கீழே எழுதுங்கள்.