சருகுமான் இருக்க எலிமான் எதற்கு?

சிறுவர்களுக்கான காட்டுயிர்ப் புத்தகம் ஒன்றின் மெய்ப்பு போன வாரம் திருத்தத்துக்கு வந்தது. பதினான்காம் பக்கத்தில் 'எலிமான்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. படத்தில் அந்த விலங்கின் தலையில் விரல் நீளத்துக்கு இரண்டு கொம்புகள். அதன் கீழே, 'எலிமான் தன் கொம்புகளை ஆண்டுதோறும் உதிர்க்கும்' என்று ஒரு வரி. மூன்றையும் அடித்தேன். அந்த விலங்குக்கு ஆணானாலும் பெண்ணானாலும் கொம்பே கிடையாது. ஆங்கிலத்தின் 'மவுஸ் டீர்' (mouse deer) என்ற பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த இந்த 'எலிமான்' எனக்குப் புதிதல்ல. ஆவணப்படங்களின் தமிழ்க் குரலில் 'சுண்டெலி மான்' என்றுகூடக் கேட்டிருக்கிறேன். இனியும் பொறுக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

அதன் பெயர் சருகுமான். சருகு என்றால் உலர்ந்து உதிர்ந்த இலை. சருகு மூடிய காட்டுத் தரையில் வாழ்வதால் இந்தப் பெயர். சொற்பிறப்பு அவ்வளவுதான், அதில் சிக்கல் எதுவும் இல்லை. ஈழத்தில் உக்குளான் என்பார்கள், அதுவும் நல்ல பெயர்.

உயிர்க்காட்சிச் சாலை ஒன்றின் இரவு விலங்குக் கூடத்தில் ஒருமுறை அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிடத் தேடினேன் என்பதே சரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெறும் இலைக்குப்பைதான் தெரிந்தது. ஐந்து நிமிடம் கழித்து ஒரு காது அசைந்தது. அப்புறம்தான் முழு உடலும் பிடிபட்டது. பழுப்பு உடம்பில் வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகள், சில இடங்களில் கூடிக் கோடாகிவிட்ட புள்ளிகள், பென்சில் கனத்தில் கால்கள். தோள் உயரம் ஓர் அடிக்குள், எடை மூன்று கிலோ அளவில். ஆபத்து என்றால் அசையாமல் நின்றுவிடுவது அதன் வழக்கம். பெயர் வைத்தவர் அதைக் காட்டில் பார்த்து வைத்திருக்கிறார் என்று அன்று புரிந்தது. எலிமான் என்று எழுதுகிறவர் பார்த்தது ஆங்கில அகராதியை மட்டும்.

'எலி என்றால் சிறியது என்று குழந்தைக்கே புரியுமே' என்கிறார்கள். புரியாது. சிறுமையைச் சொல்லத் தமிழ் எலியைக் கூப்பிடுவதில்லை. சிறுகீரை, சிறுபயறு, குறுநரி, அரிநெல்லி என்றுதான் சொல்லி வந்திருக்கிறோம். எலிவளை, எலிப்பொறி, எலிவால் என்று எலி முன்னால் வந்தால் எலியோடு தொடர்புள்ளது, எலியைப் போன்றது என்றுதான் பொருள் படும். எலிமான் என்று படிக்கிற குழந்தை எலி முகமுள்ள மானையோ எலியைத் தின்னும் மானையோதான் நினைத்துக்கொள்ளும். சிறிய என்ற பொருளில் எலியை முன்னொட்டாக்குவது ஆங்கிலத்தின் பழக்கம். அது அந்த மொழிக்கு அழகாக இருக்கலாம், நமக்கு ஒட்டாது.

இதைவிட வருத்தம் தருவது ஒன்று உண்டு. ஐரோப்பிய அறிவியலாளர்களே ஊர்ப்பெயரைத்தான் தேடி எடுத்தார்கள். 1777இல் எர்க்ஸ்லெபன் இலங்கைச் சருகுமானுக்கு அறிவியல் பெயர் வைத்தபோது 'மெமின்னா' என்றார். அது மீமின்னா என்ற சிங்களப் பெயர். கேளையாடு என்ற சிறிய மானை உலகம் முழுக்க 'மன்ட்ஜாக்' என்கிறார்களே, அது ஜாவாத் தீவின் சுண்டா மொழிச் சொல்லிலிருந்து வந்தது. நாமோ வீட்டில் இருக்கும் சொல்லைப் பரணில் போட்டுவிட்டு ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கிறோம்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. 'சருகுமான் உண்மையில் மானே இல்லையே, அந்தப் பெயரும் தவறுதானே?' மானினம் அல்ல என்பது சரி. அசைபோடும் விலங்குகளின் மரத்தில் முதலில் பிரிந்த கிளை சருகுமான்களுடையது. பிரிந்து நான்கு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மான், மாடு, ஆடு, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் மற்றக் கிளையில் பிற்பாடு கிளைத்தவை. அவற்றின் இரைப்பையில் நான்கு அறைகள். சருகுமானுக்கு மூன்றாவது அறை சரியாக வளரவே இல்லை. கொம்புக்குப் பதில் ஆணுக்கு மேல்தாடையில் நீண்ட கோரைப்பற்கள். ஆகவே புள்ளிமானுக்குச் சருகுமான் எவ்வளவு தூரமோ, பசுவுக்கும் அவ்வளவே தூரம்.

ஆனால் தமிழின் 'மான்' ஒரு குடும்பத்தின் பெயராக எப்போதும் இருந்ததில்லை. வெளிமானும் நாற்கொம்பு மானும் வகைப்பாட்டில் மாட்டுக் குடும்பம். அவற்றை மான் அல்ல என்று யாரும் விலக்குவதில்லை. தொல்காப்பிய மரபியலோ ஆட்டின் குட்டிக்கும் நவ்வி, உழை, புல்வாய் ஆகிய மான் வகைகளின் குட்டிக்கும் 'மறி' என்று ஒரே பெயர் சொல்கிறது. லத்தீனிலும் பிரெஞ்சிலும் சருகுமானின் பெயருக்குச் 'சின்ன ஆடு' என்றுதான் பொருள். உருவத்தைப் பார்த்து வைத்த பொதுப்பெயர் அப்படித்தான் இருக்கும். வகைப்பாட்டுத் துல்லியம் வேண்டுமென்றால் கொம்புதிர்க்கும் குடும்பத்தை 'மானினம்' என்று தனியே சொல்லிக்கொள்ளலாம். அதற்காகச் சருகுமானைக் கைவிட வேண்டியதில்லை. எலிமானில் தவறு மான் அல்ல, எலிதான்.

இதே கதிதான் கேளையாட்டுக்கும். அது உண்மையிலேயே மானினம். ஆணுக்குச் சிறு கொம்பும் உண்டு, வெளியே நீளும் கோரைப்பல்லும் உண்டு. அதைக் 'குரைக்கும் மான்' என்று எழுதுகிறார்கள். ஆபத்தைக் கண்டால் குரைப்பது மெய்தான். ஆனால் 'குரைக்கும் மான்' என்பது வருணனை, பெயர் அல்ல. முன்னால் ஓர் அடைமொழி வந்தாலே உடைந்துவிடும். 'சீனக் குரைக்கும் மான்', 'பெரிய குரைக்கும் மான்' என்று சொல்லிப் பாருங்கள். சீனக் கேளையாடு, பெருங்கேளையாடு என்பவை வாயில் நிற்கின்றன. ஆடு என்று வருவதால் குழப்பம் என்பவர்கள், வரையாடு என்று மாநில விலங்கை அழைக்கும்போது குழம்புவதில்லையே!

கொம்பு என்ற சொல்லிலும் ஒரு குறை இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாட்டுக்கு இருப்பது எலும்பின் மேல் உறை மூடிய நிலையான கொம்பு. மானினத்துக்கு இருப்பது எலும்பாகவே வளர்ந்து, விழுந்து, மறுபடி முளைக்கும் கொம்பு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வகைப்பாடு எழுத முடியாது. நான் 'உதிர்கொம்பு' என்று எழுதுகிறேன். வினைத்தொகை, சொன்னதும் விளங்கும்.

அந்த மெய்ப்பிலேயே இன்னொரு வரி: 'எலிமான்களிலிருந்து மான்கள் பரிணாம வளர்ச்சி அடைந்தன.' இங்கே அந்த 'வளர்ச்சி' செய்யும் கேடு பெரிது. அதை ஒட்டிவிட்டால் பழைய உருவம் தாழ்ந்தது, புதியது உயர்ந்தது, ஒன்று மற்றொன்றாக மாறியது என்று படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். இன்றைய சருகுமான் மானுக்குப் பாட்டன் அல்ல, தூரத்துப் பங்காளி. பங்காளிகளில் பழைய சாயலை அதிகம் வைத்திருப்பது அது. பரிணாமம் என்று நிறுத்தினால் போதும். இலங்கைப் பாடநூல்களின் 'கூர்ப்பு' இன்னும் சுருக்கமானது, அதற்குள் யாரும் வளர்ச்சியை ஒட்டியதில்லை.

பதிப்பாளர் திருத்தங்களைப் பார்த்துவிட்டு, 'இந்தியாவில் உள்ளதைச் சருகுமான் என்று போடுகிறோம், வெளிநாட்டு இனங்கள் எலிமானாகவே இருக்கட்டும்' என்றார். ஒரே குடும்பத்துக்கு இரண்டு பெயர் வைத்தால் உறவு எப்படித் தெரியும்? இந்தியச் சருகுமானும் இலங்கைச் சருகுமானும் ஒரே இனம் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டு, 2005இல்தான் தனித்தனி இனங்களாகப் பிரிக்கப்பட்டன. ஆப்பிரிக்காவில் ஒன்று, ஆபத்து வந்தால் ஓடைக்குள் மூழ்கித் தப்பும். அது நீர்ச்சருகுமான். வியட்நாமில் 1910இல் விவரிக்கப்பட்டு, பல ஆண்டுகள் கண்ணில் படாமல் இருந்து, தானியங்கிக் கேமராவில் சிக்கியதாக 2019இல் அறிவிக்கப்பட்டது இன்னொன்று. அது வெள்ளிமுதுகுச் சருகுமான். இவ்வளவையும் எழுதி அனுப்பியிருக்கிறேன், கொம்பில்லாத புதுப் படமும் கேட்டிருக்கிறேன்.