எந்த ஆண்டு பிறந்தவர் என்று கேளுங்கள்

முதியோர் நலன் சம்பந்தப்பட்ட வேலை எனக்கு. திருகோணமலைப் பட்டினம், நிலாவெளி, மூதூர் என்று வீடு வீடாகப் போக வேண்டியிருக்கும். படிவத்தில் 60 தாண்டியவர் எல்லாரும் முதியவர்தான். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. சட்டத்துக்கு அது போதும். உதவி செய்யப் போகிறவருக்குப் போதாது. நான் முதலில் கேட்பது பிறந்த ஆண்டைத்தான்.

இப்போது 85 தாண்டியவர்களைப் பாருங்கள். அந்தத் தலைமுறைப் பெண்களில் பலருக்கு இன்றும் கைநாட்டுத்தான். ஆனால் துறைமுகம், ரயில்வே, பாடசாலை என்று அரசாங்க வேலைக்குப் போன கணவர் இருந்திருந்தால் அவர் போன பிறகும் பென்சனில் ஒரு பங்கு வரும். பிள்ளைகளும் ஆறு, ஏழு. ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று பார்க்கும்.

1950ஐ ஒட்டிப் பிறந்தவர்களின் கதை வேறு. இலவசக் கல்வி 1945இல் வந்துவிட்டதால் அவர்களில் பலர் படித்தவர்கள், தாங்களே விண்ணப்பம் எழுதுவார்கள். ஆனால் இனக்கலவரம் வந்த 1983இல் அவர்களுக்கு 33 வயது, மறுபடி சண்டை மூண்ட 1990இல் 40. உழைத்துச் சேர்க்க வேண்டிய காலம் முகாமிலும் இந்தியாவிலும் போனது. திரும்பி வந்து வள்ளமும் வலையும் வாங்கியவர்களில் பலருக்கு 2004 சுனாமி. சம்பூர், மூதூர்ப் பக்கத்தவர்களுக்கு 2006இல் மறுபடியும் இடப்பெயர்வு. படிப்பு இருக்கிறது, கையில் ஒன்றுமில்லை.

அப்புறம் இப்போதுதான் 60ஐத் தொடுகிறவர்கள். இவர்கள் முந்தியவர்களை விட வசதியானவர்கள் என்று பொதுவாக நினைக்கிறோம். அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு அது சரி. மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்களை யோசியுங்கள். அங்கே உழைத்த காசு கல்வீடாகியது. வீடு மகளுக்குச் சீதனமாகியது. ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதி இல்லை, பென்சன் இல்லை. பிள்ளைகளும் இரண்டு, மூன்றுதான். அதில் ஒன்று கட்டாரிலோ கனடாவிலோ. அடுத்த தலைமுறை முதியவர்கள் படித்தவர்களாகவும் வசதியானவர்களாகவும் இருப்பார்கள் என்று கூட்டங்களில் யாராவது சொன்னால், எங்கள் மாவட்டத்தில் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள் என்பேன்.

இவர்களின் தொகையும் கூடிக்கொண்டே போகிறது. இலங்கையில் 65 தாண்டியவர்கள் 2012 குடிசன மதிப்பீட்டில் 7.9 சதவீதம், 2024இல் 12.6 சதவீதம்.

வீட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிழக்கில் வீடு மகளுக்குப் போவது வழக்கம். தாயும் தகப்பனும் பின் வளவில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு இருப்பார்கள். முன்பு இது பெரிய பிரச்சினை இல்லை, மகள் அதே வளவில்தான் இருப்பாள். இன்றைக்கு மருமகனுக்குக் கொழும்பில் வேலை, அல்லது கடன் வந்து வீட்டை விற்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர்கள் அதைத் தடுப்பது லேசில்லை. வீட்டுப் பத்திரமான உறுதியை எழுதும்போதே சீவிய உருத்தைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு எழுதும்படி நொத்தாரிசிடம் கேட்கலாம். சாகும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை அது. கல்யாணப் பேச்சில் இதைச் சொன்னால் சம்பந்தி முகம் சுளிப்பார் என்று பயப்படுகிறார்கள். சுளிக்கட்டும்.

பிள்ளைகள் பார்க்காவிட்டால் பராமரிப்புச் சபையில் முறையிட அதே 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. "பெத்த பிள்ளைக்கு எதிரா நான் கையெழுத்து வைக்கிறதா?" என்று கேட்கும் அம்மாவுக்கு என்னிடம் லேசான பதில் இல்லை. வழி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருவேன். பிரதேச செயலகத்து உத்தியோகத்தர் மகனைக் கூப்பிட்டுப் பேசியதிலேயே தீர்ந்த விஷயங்களும் உண்டு.

ஒரே ஆளின் நிலைமைகூட ஒரே மாதிரி இருப்பதில்லை. முதியோரின் நிலையான வைப்புக்கு 15 சதவீத விசேட வட்டி கிடைத்த காலத்தில் ஓய்வு பெற்ற காசைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் உண்டு. 2022இல் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் விலைவாசி ஏற்றம் 70 சதவீதத்தைத் தொட்டது. 62 வயதில் "உதவி தேவையில்லை" என்று எழுதப்பட்ட ஆள், இரண்டு வருடத்தில் மருந்தைப் பாதியாகக் குறைத்துக் குடிக்கிறார். பழைய படிவத்தை வைத்து ஒருவரை எடைபோடாதீர்கள். கணவரோ மனைவியோ இறந்த வீடு என்றால் கட்டாயம் திரும்பப் போய்க் கேளுங்கள்.

70 தாண்டிய வருமானம் குறைந்தவர்களுக்கான மாதக் கொடுப்பனவு 2025இல் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாகக் கூடியது. அதற்கு வயதை நிரூபிக்க வேண்டும். இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்தவர்கள் இங்கே ஏராளம். முதலில் பதிவாளரிடம் பதிவைத் தேடச் சொல்லுங்கள். பதிவே இல்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். 70 ஆகும்வரை காத்திருக்காமல் 65லேயே தொடங்குவது நல்லது.

இன்னொன்று. இளமையில் சீனக்குடாப் பக்கம் தொழிற்சாலைகளில் கொஞ்சக் காலம் வேலை செய்துவிட்டு, கலவரத்தோடு விட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயரில் ஈ.பி.எஃப். காசு எடுக்கப்படாமல் கிடக்கலாம். ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதானால் எடுக்கலாம். தொழில் அலுவலகத்தில் விசாரிக்கப் போகும்போது அடையாள அட்டையோடு, பழைய சம்பளத் துண்டு ஏதும் இருந்தால் அதையும் கொண்டு போங்கள். அட்டையில் உள்ள பெயரும் கம்பனிப் பதிவில் உள்ள பெயரும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.