முட்டி தடித்த கன்றும் இரண்டு பாட்டில் கால்சியமும்

வாழப்பாடி பக்கம் ஒரு காட்டுக்கொட்டாயில் மாட்டுக்குச் சினை பார்க்கப் போயிருந்தேன். வேலை முடிந்து கை கழுவும்போது அந்த அம்மா மெதுவாக ஆரம்பித்தார். "வந்ததுதான் வந்தீங்க, இந்தக் கிடாரிக் கன்னுக்கும் ஒரு கால்சியம் ஊசி போட்டுட்டுப் போயிருங்க சார். எந்திரிக்கவே சங்கடப்படுது."

தகரக் கொட்டகையின் உள்மூலையில் நின்றது. ஜெர்சி கலப்பு, எட்டு மாதம். முதுகு வளைந்திருந்தது. முன்னங்கால்கள் முட்டிக்குக் கீழே வெளிப்பக்கமாக வில்போல வளைந்திருந்தன. முட்டி இரண்டும் துணி சுற்றியதுபோலத் தடித்திருந்தன. தொட்டுப் பார்த்தால் சூடில்லை, நீர் கோத்ததுபோல அமுங்கவும் இல்லை, கெட்டியான எலும்பு. விலாவில் விரலை ஓட்டினேன். எலும்பும் குருத்தெலும்பும் சேருகிற இடத்தில் வரிசையாக மணி மணியாகத் தட்டுப்பட்டது. சட்டைக்கு மேலே தடவினால் உள்ளே கிடக்கும் ருத்ராட்ச மாலை எப்படித் தெரியுமோ, அப்படி. ரிக்கெட்ஸ், அதாவது வளரும் எலும்பு இறுகாத நோய்தான் என்பதற்கு எனக்கு அந்த மாலையே போதும்.

சுவர் மாடத்தில் கால்சியம் டானிக் பாட்டில் இரண்டு இருந்தன. ஒன்று காலி, இன்னொன்று பாதி. "ஒரு மாசமா ஊத்தறனுங்க. கேக்கவே மாட்டேங்குது."

கேட்காது. அதை எப்படி அவரிடம் சொல்வது என்று யோசித்தபடி தீவனத் தொட்டிக்குப் போனேன். புளித்த வாடை அடித்தது. திப்பி.

சேலத்துக்காரர்களுக்குத் திப்பியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காக: ஜவ்வரிசி ஆலையில் குச்சிக்கிழங்கை (மரவள்ளி) அரைத்து, மாவுப்பாலைப் பிழிந்து எடுத்தபின் மிஞ்சும் சக்கை. ஆத்தூர் வரை வழியெங்கும் களத்தில் காயும். விலை சல்லிசு, மாடும் ஆசையாகத் தின்னும். ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் மாவும் நாரும்தான். புரதம் நூற்றுக்கு 2, 3க்கு மேல் தேறாது. பாஸ்பரஸ் இருக்கிறது என்று சொல்வதே மரியாதைக்குத்தான். இந்தக் கன்றுக்குக் காலையும் மாலையும் திப்பி, நடுவில் வைக்கோல். வைக்கோலிலும் பாஸ்பரஸ் சொற்பம்தான். அதில் இருக்கும் ஆக்சலேட், கிடைக்கிற கொஞ்ச சுண்ணாம்புச் சத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும்.

நம் ஊரில் எலும்பு என்றாலே கால்சியம் என்று ஆகிவிட்டது. உண்மையில் கால்சியமும் பாஸ்பரஸும் கூட்டாகச் சேர்ந்து படிந்தால்தான் எலும்பு இறுகும். செங்கல்லை மலையாகக் கொட்டிவைத்தாலும் சிமெண்ட் இல்லாமல் சுவர் எழும்புமா? வளரும் கன்றின் நீண்ட எலும்புகளின் முனையில் குருத்தெலும்புத் தட்டு ஒன்று உண்டு. கன்று உயர்வதெல்லாம் அங்கேதான். அந்தக் குருத்தெலும்பில் தாது படிந்து எலும்பாக மாற வேண்டும். பாஸ்பரஸோ வைட்டமின் டியோ இல்லாவிட்டால் தட்டு மட்டும் தடித்துக்கொண்டே போகும், இறுகாது. முட்டித் தடிப்பும் விலா மணிகளும் அதுதான். இறுகாத எலும்பின்மேல் உடம்புக் கனம் ஏறுவதால் கால் வளைகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுத்தமாகப் பட்டினி கிடக்கும் கன்றில் இந்த நோயை நான் அதிகம் பார்த்ததில்லை. அது வளர்வதே இல்லை, குட்டையாக நின்றுவிடும். வயிற்றுக்குக் கிடைத்து, கொஞ்சமாவது வளரும் கன்றில்தான் கால் வளைகிறது. திப்பி கொடுக்கிற மாவுச்சத்து உடம்பை வளரச் சொல்கிறது, எலும்புக்கான சரக்கு மட்டும் வந்து சேரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே மாதிரிக் கன்றுக்குக் கால்சியம் ஊசி போட்டேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பிறகு ரத்தம் எடுத்து அனுப்பினால் கால்சியம் சரியாகவே இருந்தது. பாஸ்பரஸ்தான், வளரும் கன்றுக்கு டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் இருக்க வேண்டியது, 3ஐக்கூடத் தொடவில்லை. அந்தக் கன்று நொண்டியாகவே வளர்ந்து விற்றுப்போனது. அன்றிலிருந்து ஊசிக்கு முன்னால் தொட்டியைப் பார்ப்பேன்.

வாழப்பாடிக் கன்றுக்கு டேப் பிடித்தேன். நெஞ்சுச் சுற்றளவு 38 அங்குலம், தோள்முனையில் இருந்து பின்புட்டத்து எலும்புவரை 36 அங்குலம். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். தையல்காரர் டேப் போதும், யாரும் செய்யலாம். வந்தது 79 கிலோ. பிறக்கும்போது 24 கிலோ என்று வைத்தாலும் எட்டு மாதத்தில் 55 கிலோதான் ஏறியிருக்கிறது, நாளுக்கு 230 கிராம்கூட இல்லை. கலப்பினக் கன்று நாளுக்கு 400 கிராமாவது ஏற வேண்டும். அப்படி ஏறியிருந்தால் இந்நேரம் 120 கிலோ. கிடாரி 250 கிலோவைத் தொட்டால்தான் சினை ஊசிக்குத் தயார். "மூணு வருசமாச்சு, இன்னும் பருவத்துக்கு வரல" என்று பின்னால் வரும் புலம்பலுக்கு விதை இங்கே விழுந்துவிடுகிறது.

பால் எவ்வளவு விட்டீர்கள் என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். "ஒரு காம்பு உடுவேன் சார். சொசைட்டிக்கு ஊத்தணுமில்ல." அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பால் பணம் வாராவாரம் கைக்கு வருகிறது, கன்று காசாக மூன்று வருடம் ஆகும். ஆனாலும் கணக்கு இதுதான்: பிறந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால், முதல் நாளிலேயே உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு நாள் கழிந்தால் சீம்பாலின் நோய் எதிர்ப்புச் சத்தைக் குடல் உள்ளே விடாது. அதன்பின் ஒரு மாதம்வரை தினமும் அதே பத்தில் ஒரு பங்கு பால். அந்த வயதில் கன்றுக்குக் கால்சியமும் பாஸ்பரஸும் சரியான அளவில் சேர்ந்து கிடைக்கும் உணவு அதுதான்.

இரண்டாவது வாரத்தில் இருந்து ஒரு கை கலப்புத் தீவனம் நக்கப் பழக்கலாம். பிறந்த கன்றின் பெருவயிறு சின்னப் பை. தானியம் உள்ளே போய்ப் புளித்தால்தான் அது விரிந்து வேலை பழகும். கடைத் தீவனம் கட்டுப்படியாகவில்லை என்பவர்களுக்கு நான் எழுதிக்கொடுப்பது, நூறு கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளம் 45, கடலைப்புண்ணாக்கு 30, கோதுமைத் தவிடு 22, தாது உப்புக் கலவை 2, உப்பு 1. புரதம் ஏறக்குறைய 20 சதவீதம் வரும். தவிட்டில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் குறைவு. அதை ஈடுகட்ட வேலிமசால், அகத்தி, கடலைக்கொடி. கடலைக்கொடியைக் காட்டிலேயே கொளுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். திப்பி பெரிய மாட்டுக்குப் புண்ணாக்கோடு அளவாகப் போகட்டும். ஆறு மாதம்வரை கன்றின் பக்கமே வரக்கூடாது என்பது என் கட்சி.

அடுத்தது வெயில். தோலில் வெயில் பட்டால்தான் வைட்டமின் டி உருவாகும், அது இல்லாமல் குடல் கால்சியத்தை வாங்காது. சேலத்தில் வெயிலுக்கா பஞ்சம்! ஆனால் கன்றை மட்டும் இருட்டு மூலையில் கட்டிவிடுவார்கள், தாய் கண்ணில் பட்டால் பாலைச் சுரக்காமல் அடக்கும் என்று. ஏற்காட்டுக்கு மேலே சில கிராமங்களில் நேர்மாறு. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் மூட்டம்தான், வெயில் அபூர்வம். இருந்தும் அங்கே நாட்டுக்கன்றுகளின் கால்கள் நேராக இருக்கின்றன. உருவம் சிறிது, வளர்ச்சி நிதானம், தாய்ப்பாலில் பெரும்பங்கு கன்றுக்கே, மூட்டம் விலகிய நேரமெல்லாம் திறந்தவெளி மேய்ச்சல். கலப்பினத்துக்கு அந்தச் சலுகை இல்லை. வேகமாக வளரும் உடம்பு கேட்கும்போது சரக்கு வந்தாக வேண்டும்.

ஓமலூர் பக்கம் ஒருவர், "எங்க பூமியே வெள்ளைக்கல் பூமி, தண்ணியில சுண்ணாம்பு இருக்கும்ல சார்" என்றார். அந்த வெள்ளைக்கல் மேக்னசைட். மெக்னீசியம், கால்சியம் அல்ல. நம் மாவட்டத்தில் சில இடங்களில் போர்த் தண்ணீரில் ஃபுளோரைடு வேறு அதிகம். பல்லில் பழுப்புக் கறை, எலும்பில் முடிச்சு, நொண்டல் என்று ஒரே தொழுவத்தில் பல மாடுகளுக்கு இருந்தால் முதலில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். அது வேறு வைத்தியம்.

வாழப்பாடிக் கன்றுக்குக் குடற்புழு மருந்து, பாஸ்பரஸ் ஊசி, வைட்டமின் ஏ, டி3, ஈ ஊசி. டானிக் பாட்டிலை நிறுத்தச் சொல்லிவிட்டு, கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்திருக்கும் டி.சி.பி. தூளைத் தீவனத்தில் கலக்கச் சொன்னேன். கலப்புத் தீவனம் தினமும் ஒரு கிலோ, காலையில் வேப்பமரத்துக்கு அந்தப்பக்கம் வெயிலில் கட்டு. ஏழு வாரம் கழித்துப் போனபோது தானாக எழுந்து நின்றது, வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று ஓடியும் காட்டியது. விலா மணிகள் மழுங்கியிருந்தன. வலது கால் ஏறக்குறைய நேராகிவிட்டது. இடது காலில் வளைவு கொஞ்சம் நிற்கிறது. அது போகும் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

தாய்ப்பசு போன மாதம் மறுபடி ஈன்றது. மறுநாள் போய்ப் பார்த்தேன், கன்று சுமார் 26 கிலோ. மாடத்தில் டானிக் பாட்டில் இருந்த இடத்தில் ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி. உள்ளே இரண்டரை லிட்டரைக் கொஞ்சம் தாண்டிய இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறியிருந்தார். "அதுவரைக்கும் கன்னுக்குங்க. மிச்சந்தான் சொசைட்டிக்கு."