சம்மனை வாங்குங்கள், ஐயா!

சம்மனை வாங்காமல் மாட்டிக்கொண்டு வந்தவர்களில் இந்த மாதம் இவர் மூன்றாவது ஆள். திருமங்கலம் பக்கம் மல்லிகை போட்டிருப்பவர். மஞ்சள் பையை என் வக்கீல் மேசையில் கவிழ்த்தார்: உரக்கடை ரசீதுகள், பாஸ்புக், நான்காய் மடித்த ஜப்தி நோட்டீஸ்.

"வழக்கு நடந்ததே எனக்குத் தெரியாது ஐயா."

நீதிமன்றத்தில் வழக்குக் கட்டைப் பார்த்தேன். திரும்பி வந்த தபால் உறையின் மேல் தபால்காரர் எழுதியிருக்கிறார்: 'வாங்க மறுத்துவிட்டார்.' மறுபடி கேட்டேன். தலையைச் சொறிந்தார். "வாங்கினால்தானே ஐயா வழக்கு?"

இல்லை! வாங்காவிட்டாலும் வழக்குதான். மறுத்ததாகத் தபால்காரர் எழுதிவிட்டால், சட்டக் கணக்கில் சம்மன் உங்களிடம் சேர்ந்தாயிற்று. சம்மன் கொண்டுவரும் நீதிமன்ற ஊழியரான அமீனா வருவதைப் பார்த்துக் கொல்லைப்புறமாக நழுவினால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார். நீங்கள் இல்லாதபோது, கூடக் குடியிருக்கும் மனைவியோ வயது வந்த மகளோ வாங்கினாலும் நீங்கள் வாங்கிய மாதிரிதான். எதற்கும் அகப்படாவிட்டால் நாளிதழில் விளம்பரம் வரும்; அதைப் படித்தீர்களா என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. குறித்த நாளில் உங்கள் பெயரை மூன்று முறை கூப்பிடுவார்கள். பதில் இல்லையா, எக்ஸ்பார்ட்டி; அதாவது நீங்கள் இல்லாமலே தீர்ப்பு. மறுத்துப் பேச ஆளில்லாத வழக்கில் வாதி சொன்னதுதான் வேதம்.

என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இவர் மேல் போட்டது கடன் வழக்கு; இவரோ அந்தக் கடனை அடைத்தவர். பெரும்பகுதி வங்கி வழியாகவே போயிருக்கிறது, பாஸ்புக்கில் வரிவரியாக நிற்கிறது. கடனுக்கு எழுதிக் கொடுத்த புரோநோட்டை மட்டும் திருப்பி வாங்கவில்லை. "பீரோவில் எங்கோ கிடக்கிறது, தேடித் தருகிறேன்" என்றாராம் கடன் கொடுத்தவர். அந்தப் பாஸ்புக்கோடு கூண்டில் ஏறியிருந்தால் வழக்கின் போக்கே வேறு.

சிவில் சம்மன் பிடிவாரண்டு அல்ல. வாங்கினால் யாரும் உங்களைக் கொண்டுபோய் உள்ளே வைக்கமாட்டார்கள். சம்மன் கிடைத்து 30 நாளில் எதிருரை, அதாவது உங்கள் பதிலை எழுத்தில், தாக்கல் செய்ய வேண்டும். காரணம் சொல்லிக் கேட்டால் மொத்தம் 90 நாள் வரை நீட்டலாம்.

கோட்டை விட்டவர்கள், எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்ய 30 நாளில் மனுப் போட வேண்டும். அதையும் தாண்டினால் தாமதத்துக்குத் தனி மனு, தனி விளக்கம். இதற்கு எங்கள் வக்கீல்கள் வழக்கமாக எழுதும் காரணம் மஞ்சள் காமாலை. மனுக்களில் வரும் காமாலையெல்லாம் மெய்யானால் மதுரையில் கீழாநெல்லி மிஞ்சியிருக்காது. நீதிபதிகளுக்கும் இது தெரியும். நாளானால் மறந்துவிடுவார்கள் என்றும் இருக்காதீர்கள். பணத் தீர்ப்பை நிறைவேற்ற வாதிக்கு 12 வருடம் இருக்கிறது.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்று ஒதுங்கவும் வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறார்கள். தயவுசெய்து போய்க் கேளுங்கள்.

வரும்போது சம்மனோடு வந்த பிராது (வாதியின் வழக்கு மனு) நகலை எடுத்து வாருங்கள். உறையைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். அதன் மேல் இருக்கும் தபால் முத்திரைத் தேதி எங்களுக்கு வேண்டும்.